கை தூக்கிய ஊர்

நான் பொறாமை பிடித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் திருந்தியவன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நான் திருந்தவில்லை.

2009ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், சுவிஸிலிருந்து என் சிநேகிதன் போன் எடுத்தான். அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. ஒரே ஏஜென்டை நம்பி ஒரே விமானத்தில் மொஸ்கோவுக்கு வந்து, ஒரே அறையில் நான்கு மாதம் உருளைக்கிழங்கு தின்றவர்கள். இரண்டு பேருக்கும் லண்டன்தான் கனவு. பிறகு எங்களை இரண்டு வாகனங்களில் பிரித்து அனுப்பினார்கள். அவன் ஏறிய வாகனம் சுவிஸ் எல்லையில் பிடிபட்டது. கைரேகை எடுத்து அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நான் லண்டன் வந்து சேர்ந்தேன். "பாவம், அவன் மாட்டிவிட்டான்" என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கும்.

"மச்சான், பாஸ்போட் வந்திட்டுது," என்றான். "எனக்கு, மனுசிக்கு, பிள்ளைக்கு, எல்லாருக்கும். சுவிஸ் பாஸ்போட். இனி லண்டனுக்கு வாறதெண்டால் ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை. வரட்டோ?"

"வரட்டோ எண்டால்?"

"இருக்கிறதுக்கடா. குடும்பத்தோட. ஆனால் உன்னைக் கேளாமல் முடிவெடுக்க மாட்டன். நீ ஒருக்கா இஞ்ச வந்து எங்கட சீவியத்தைப் பார். பாத்திட்டு வா எண்டு சொன்னால் வாறன். வேண்டாமெண்டால் பேசாமல் இருக்கிறன்."

ஏன் என்னைக் கேட்டான் என்றால், பதினைந்து வருடமாக லண்டனைப் பற்றி அவனுக்குப் புளுகிக்கொண்டிருந்தவன் நான்தான். கோயில், தேர், தமிழ்க் கடை, தமிழ்ப் பள்ளிக்கூடம், தெருவுக்குத் தெரு சொந்தக்காரர். அவன் தன் ஊர் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் நான் லண்டனைப் பற்றிப் பத்து வார்த்தை சொல்வேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பொய்யும் சொன்னேன். அவன் மகளையும் என் மகளையும் ஒரே வருடத்தில்தான் பெற்றோம். அங்கே அவளைப் பன்னிரண்டு வயதிலேயே இரண்டாம் தரப் பள்ளிக்கூடத்துக்குப் பிரித்துப் போட்டார்கள் என்று அழாக்குறையாகச் சொன்னான். "என்ர மகளுக்குக் கிராமர் ஸ்கூல் கிடைச்சிட்டுது" என்றேன் நான். கிடைக்கவில்லை. கெட்டிக்காரரை மட்டும் பொறுக்கியெடுக்க அவர்கள் வைக்கும் சோதனையில் தவறிவிட்டாள். வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குத்தான் நடந்து போனாள்.

என் மனைவிக்கு இது தெரியும். நான் டிக்கெட் போட்டதும் சொன்னாள்: "போய் உண்மையைச் சொல்லுங்கோ. உந்தக் கிராமர் ஸ்கூல் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கோ. உங்கட வாயால ஒரு குடும்பம் இடம்பெயரக் கூடாது."

"சொல்லுறன், சொல்லுறன்," என்றேன்.

அந்த வருடம் மே மாதம் ஊரில் யுத்தம் முடிந்ததற்குப் பிறகு எங்கள் வீடுகளில் யாரும் விடுமுறை என்ற சொல்லை எடுக்கவில்லை. லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் வாரக்கணக்கில் நின்று கத்தித் தொண்டை கட்டி, ஒன்றும் நடக்காமல் வீட்டுக்குத் திரும்பியவர்கள் நாங்கள். அதனால் வேலை செய்யும் பெற்றோல் ஸ்டேஷனிலும் அலுவலாகப் போகிறேன் என்றுதான் சொன்னேன். ஓகஸ்டில் மூன்று நாள் லீவு கிடைத்தது.

வெறுங்கையோடு போக முடியாது. செவன் கிங்ஸ் மீன்கடையில் ஐந்து கிலோ பாரையும் விளைமீனும் வாங்கி, துண்டு போட்டு, இரண்டு நாள் ஃப்ரீசரில் கல்லாக இறுக்கி, பேப்பரிலும் துவாயிலும் சுற்றி சூட்கேஸில் வைத்தேன். ஏரிக்கரை ஊருக்கு மீன் கொண்டுபோன மனிதன் நானாகத்தான் இருக்கும். அந்த ஊரே மீனுக்குப் பேர் போனது. ஆனால் எங்கள் சனத்துக்குக் கடல்மீன்தான் மீன். மற்றது தண்ணீரில் நீந்துகிற மரக்கறி. ரயிலில் இரண்டாவது மணித்தியாலத்தில் சூட்கேஸ் கசியத் தொடங்கியது. எதிரே இருந்த பெண் எழுந்து வேறு பெட்டிக்குப் போனாள். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரைக் கண்டதும் எனக்கு வந்தது ஆச்சரியம் அல்ல, கோபம். மூன்று பக்கமும் மலை, நடுவில் ஏரி, கரையோடு ஒட்டி நூறு வீடு. எல்லாம் மர வீடு, வயதாகிக் கறுத்த மரம். யன்னல் தவறாமல் சிவப்புப் பூச்சட்டி. தண்ணீருக்கு அடியில் கிடந்த கல்லை எண்ணலாம். அவன் இருந்த வீட்டின் கதவுக்கு மேல் 1612 என்று கட்டிய வருடம் வெட்டியிருந்தது. அவன் உடுப்புக் காயப்போடும் பல்கனியை உல்லாசப் பயணிகள் படமெடுத்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டின் பின்பக்கம் ரயில் தண்டவாளம். முன்பக்கம் எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர். பதினாறு வருடத்தில் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. என் குப்பைத் தொட்டி நடைபாதையில் நிற்கிறது என்று கவுன்சிலுக்கு மட்டும் கடிதம் போடுவார்.

இவன் மாட்டிக்கொண்டவனாம். நான் தப்பியவனாம்.

சூட்கேஸைத் திறந்தபோது அவன் மனைவி மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு கண் கலங்கினாள்.

"அண்ணை, பாரை கண்டு எத்தினை மாசம் தெரியுமோ? இவர் ஒரு நாளைக்கு ஐம்பது பிளேட் குளத்து மீன் பொரிக்கிறார். வீட்டில ஒருத்தரும் தொடுறதில்லை."

அவ்வளவு பெரிய ஏரியை அவர்கள் குளம் என்றுதான் சொன்னார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இருப்பவனுக்குத்தான் அப்படிச் சொல்லத் தோன்றும்.

அவன் வேலை செய்தது கரையிலிருந்த பழைய ஹோட்டலில். பாத்திரம் கழுவத் தொடங்கி, இப்போது குசினிக்கு அவன்தான் பெரியவன். மறுநாள் மத்தியானம் என்னை அங்கே கூப்பிட்டு, அந்தக் குளத்து மீனைத் தன் கையாலேயே பொரித்து, பட்டர் ஊற்றி, எலுமிச்சம்பழம் வைத்துக் கொண்டுவந்தான். முள்ளெல்லாம் எடுத்திருந்தான். நாக்கில் வைத்ததும் கரைந்தது.

"எப்பிடி?" என்றான்.

"மண் மணக்குது," என்றேன். பிளேட்டை வழித்துத் தின்றுவிட்டுத்தான் சொன்னேன்.

"ஓம், எனக்கும் அப்பிடித்தான்," என்று அப்பாவியாகச் சிரித்தான்.

பின்னேரம் அவனோடு ஊரைச் சுற்றி நடந்தேன். பேக்கரியிலிருந்து தேவாலயம் மட்டும் பதினொரு பேர் அவன் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார்கள். எண்ணினேன். பொறாமைக்காரன் எண்ணுவான். தீயணைப்புக் கொட்டிலின் கதவைத் திறந்து காட்டினான். அங்கே சம்பளத்துக்கு ஆள் இல்லை, ஊர் ஆண்கள்தான் முறை வைத்துச் செய்கிறார்கள். வரிசையாகத் தொங்கிய தலைக்கவசங்களில் ஒன்றில் அவன் பெயர் ஒட்டியிருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. என் வேலையிடத்துச் சட்டையில் ஒன்பது வருடமாக என் பெயர் பிழையாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது அவன் மனைவிதான் அந்தக் கதையைச் சொன்னாள். நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"எப்பிடித் தங்கச்சி பாஸ்போட் தந்தவங்கள்? சோதினை எழுதினீங்களோ?"

"சோதினையும் இருந்தது அண்ணை. ஆனால் அதில்லை. இஞ்ச ஊர்ச் சனம்தான் முடிவெடுக்கிறது. பள்ளிக்கூட மண்டபத்தில எல்லாரும் கூடுவினம். முதல்ல ரோட்டுத் திருத்துறது, தண்ணிப் பைப் எல்லாம் கதைச்சினம். கடைசியா எங்கட பேரை வாசிச்சிட்டு, எங்களை வெளியில போய் நிக்கச் சொல்லிச்சினம்."

"வெளியில எண்டால்?"

"கொறிடோரில. பிள்ளையள் கோட் கொழுவுற இடத்தில. நானும் இவரும் மகளும். உள்ளுக்கை கதைக்கிற சத்தம் கேக்குது, ஒண்டும் விளங்கேல்லை. கீழ் வீட்டு மனுசி எழும்பிச் சொன்னாவாம், 'என்ர வீட்டு வாசல் பனியைப் பத்து வருசமா இவன்தான் அள்ளுறான். தன்ர வாசலை அதுக்குப் பிறகுதான் அள்ளுவான். இனி இவனை வெளியில அனுப்பினால் உங்களில ஆர் வந்து அள்ளப் போறியள்?' எண்டு. எல்லாரும் சிரிச்சவையாம். பிறகு கை தூக்கச் சொன்னவையாம்."

"எல்லாரும் தூக்கினவையோ?"

"ரெண்டு பேர் தூக்கேல்லை," என்றான் அவன். "ஆரெண்டும் தெரியும். காலமை அவையும்தான் வணக்கம் சொல்லுவினம். நானும் சொல்லுவன்."

"கதவைத் திறந்த உடனே," என்றாள் அவன் மனைவி, "எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை. இவர் அழுதிட்டார்."

"அலட்டாத. நான் அழேல்லை."

"அழுதனீங்கள்."

எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்த நாள் ஞாபகம் வந்தது. கொம்பியூட்டரில் சோதனை. பிறகு இல்ஃபோர்ட் நகர மண்டபத்தில் முப்பது பேரோடு வரிசையில் நின்று சத்தியம். கழுத்தில் மேயர் சங்கிலி போட்ட ஒருவர் கை குலுக்கினார். அவருக்கு என்னைத் தெரியாது. அங்கிருந்த ஒருவருக்கும் என்னைத் தெரியாது. வெளியே வந்து பஸ் ஏறி வேலைக்குப் போனேன். இத்தனை வருடத்தில், இவன் இருக்கட்டும் என்று எனக்காக யாரும் ஒரு கையைத் தூக்கியதில்லை. தூக்குவார்கள் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஏரியும் மலையும் கிடக்கட்டும். அந்தக் கைகள்தான் என் வயிற்றை எரித்தன. அவன் அந்தக் கைகளை வைத்துக்கொண்டு லண்டனுக்கு வரப் பார்க்கிறான் என்பது இன்னும் எரித்தது.

அடுத்த நாள் காலை என் ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. ஏரிக்கரையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

"இப்ப சொல்லு," என்றான். "மனுசிக்குத் திங்களிலயிருந்து வெள்ளி மட்டும் ஒரு தமிழ் முகம் காணக் கிடைக்காது. செத்தவீட்டுக்குப் போறதெண்டாலும் ரெண்டு ரயில் மாற வேணும். எனக்கு அது பழகிப்போச்சு. பிள்ளைதான் பிரச்சினை. ரீச்சர் சொல்லுறா, அவள் கடையில வேலை பழகலாமாம். நல்ல வேலையாம். உன்ர மகள் கிராமர் ஸ்கூல். என்ர மகள் சப்பாத்துக் கடை. நீயெண்டால் என்ன செய்வாய்?"

அதுதான் சொல்ல வேண்டிய இடம். என் மனைவி சொன்னது காதில் கேட்டது. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், வகுப்பில் விடைத்தாள் வாங்கக் காத்திருப்பவன்போல. நாய் கூட்டிக்கொண்டு போன ஒருவர் அவன் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார். பன்னிரண்டு.

"வா," என்றேன். "பிள்ளையின்ர எதிர்காலம் மச்சான். இஞ்ச இருந்து என்ன செய்யப் போறாய்? லண்டனுக்கு வா."

அவனுக்காகச் சொல்லவில்லை. அவன் பிள்ளைக்காகவும் இல்லை. அந்த ஊர் அவனிடம் இருக்கக் கூடாது என்று சொன்னேன். நான் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அவனும் வைத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "சொன்னீங்களோ?"

"சொன்னன்."

"எல்லாம்?"

"ஓம், எல்லாம்."

செப்டெம்பரில் அவன் ஹோட்டலுக்கும் வீட்டுக்கும் விட்டுப் போகிறோம் என்று மூன்று மாத அறிவித்தல் கொடுத்துவிட்டான். கீழ் வீட்டு மனுசி இரண்டு நாள் அவனோடு பேசவில்லையாம். ஒக்டோபரில் அவர்களுடைய பள்ளி விடுமுறைக்கு வீடு பார்க்க வந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு அப்போது விடுமுறை இல்லை. இதை நான் யோசிக்கவில்லை.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீடு பார்த்துவிட்டு, வழியில் தமிழ்க் கடையொன்றில் அவன் மனைவி முருங்கைக்காயைத் தடவிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றுவிட்டு, பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கதவு திறந்தது. என் மகள் சீருடையோடு உள்ளே வந்தாள். பையை எறிந்துவிட்டு "ஹாய் மாமா, ஹாய் மாமி" என்றாள்.

"இஞ்ச வாங்கோ பிள்ளை," என்றாள் அவன் மனைவி. "இதுதானோ கிராமர் ஸ்கூல் யூனிஃபோம்? வடிவாயிருக்கு."

"நோ மாமி, நான் அதில ஃபெயில்," என்றாள் மகள் பாணுக்குச் சீஸ் வைத்துக்கொண்டே. "இது பக்கத்து ஸ்கூல். ஏன், அப்பா என்ன சொன்னவர்?"

குசினியிலிருந்து என் மனைவி வந்து வாசலில் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அதற்குமேல் வார்த்தை தேவையில்லை.

சிநேகிதன் மெதுவாகக் கேட்டான். "ஏனடா?"

மகளை மேலே அனுப்பிவிட்டுச் சொன்னேன். எனக்கு நெளிவு சுளிவாகச் சொல்ல வராது. "நீ ஏரி, பனி எண்டு சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு எரிச்சல். அதால சொன்னன்."

"அது ரெண்டு வருசத்துக்கு முந்தி. வாங்கில இருந்து வா எண்டு சொன்னியே, அது?"

"அதுவும் எரிச்சல்தான். ஊர்ச் சனம் உனக்குக் கை தூக்கினது எனக்குப் பொறுக்கேல்லை. வராத மச்சான். போய் அந்த அறிவித்தலைத் திருப்பி எடு. இஞ்ச ஒருத்தனுக்கும் ஒருத்தனைத் தெரியாது. நீ இஞ்ச கோழி பொரிச்சு விக்கிற கடையில நிப்பாய்."

அவன் கேட்டான்: "இப்ப வராத எண்டு சொல்லுறாய். இது மட்டும் எரிச்சல் இல்லையெண்டு நான் எப்பிடி நம்புறது?"

பொய் சொன்னபோது என்னை நம்பினான். உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. நியாயம்தான். எனக்கே என்னைப் பற்றி நிச்சயமில்லை. அவன் இங்கே வந்து முன்னேறிவிடுவான் என்ற பயமும் அந்தச் சொல்லுக்குள் இருந்திருக்கலாம்.

"அங்கத்தை வீட்டையும் வேற ஆக்களுக்குக் குடுத்திட்டினம்," என்றாள் அவன் மனைவி. என்னை அண்ணை என்று சொல்லவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் வந்தார்கள். ரெய்னர்ஸ் லேன் வீடு சரிவரவில்லை. கடைசியில் எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி ஒரு மேல்மாடி கிடைத்தது. நான்தான் தேடிக் கொடுத்தேன். அது பிராயச்சித்தமா, அவனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசையா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொன்ன மாதிரியே கோழிக் கடையில்தான் வேலை கிடைத்தது. அவன் மகள் ஆங்கிலம் வராமல் வகுப்பில் ஊமைபோல இருந்தாள். என் மகள்தான் காலையில் கூட்டிக்கொண்டு போனாள். கிராமர் ஸ்கூல் இல்லாத அதே பள்ளிக்கூடத்துக்கு. அவன் மனைவி மட்டும் சந்தோஷமாக இருந்தாள். விம்பிள்டன் கோயிலுக்குப் போய்வந்து மூன்று நாள் அதையே சொன்னாள். நான்காம் நாள் என்னைத் திரும்பவும் அண்ணை என்றாள்.

சாமான் இறக்கும்போது வானுக்குள் ஒரு பெரிய அலுமினியச் சவள் கிடந்தது. பனி அள்ளுகிற சவள்.

"விசரா உனக்கு? கட்டிலை விட்டிட்டு உதைக் கொண்டந்திருக்கிறாய். லண்டனில எங்கயடா பனி?"

"நீ குளத்துக்கு மீன் கொண்டந்தனீதானே," என்றான்.

கிறிஸ்மஸுக்கு ஒரு கிழமைக்கு முன் பனி கொட்டியது. காலையில் பஸ் இல்லை. நான் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். அவன் தெருவின் நடுவில் சவளோடு நின்றான். எதிர்வீட்டுக் கிழவரின் வாசலை வழித்துக்கொண்டிருந்தான். என்னைப் பற்றிக் கவுன்சிலுக்குக் கடிதம் போட்ட அதே கிழவர். கிழவர் கதவைத் திறந்தார். சண்டை பிடிக்கப் போகிறார் என்று ஆவலாகப் பார்த்தேன். உள்ளே போய் இரண்டு கோப்பையோடு வந்தார். இரண்டு பேரும் படியில் நின்று குடித்தார்கள். அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. கையைக் காட்டிக் காட்டி ஏதோ கதைத்தான், கிழவர் சிரித்தார். அந்த மனிதருக்குப் பல் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருடம். அவன் வந்து இரண்டு கிழமை. சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு, சவள் இல்லாததால் குப்பை அள்ளும் தகரத்தைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"வா மச்சான்," என்று அவன் அங்கிருந்து கத்தினான். "இவருக்கு உன்னைத் தெரியாதாம். வந்து பேரைச் சொல்லு."

நான் என் படியில் காலை வைத்தேன். பனி இல்லை. என் வாசல், நடைபாதை, குப்பைத் தொட்டி நிற்கும் இடம் வரைக்கும் ஏற்கெனவே வழித்துத் துப்புரவாக இருந்தது. நான்கு வீடு தள்ளி அவனுடைய வாசலில் மட்டும் பனி அப்படியே கிடந்தது.

அதற்கும் எனக்கு எரிந்தது. தகரத்தோடு அவன் வாசலை நோக்கி நடந்தேன்.